ஏடிஆரா, ஏர்பஸ்ஸா, ஏர் ஃபோர்ஸா? பைலட் ஆசை உள்ள வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். என் தம்பி ஏடிஆர் விமானத்தில் துணை விமானி. இந்த இரண்டும் ஊருக்குத் தெரிந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பைக் வந்து நின்றால் பெரும்பாலும் பைலட் விசாரணைதான். பர்கூர், பாலக்கோடு, காரிமங்கலம் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் அதேதான். அதனால் எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ரீஜனல் ஏர்லைன்ஸ்னா என்னங்க டீச்சர்? சின்ன பிளேன் ஓட்டுறவங்களா?"

ஏறக்குறைய அப்படித்தான். பெரிய நகரங்களுக்கு நடுவே பறக்காமல், சேலம், கடப்பா, ஹூப்ளி மாதிரி ஊர்களைப் பெரிய நகரங்களோடு இணைக்கும் சேவை இது. நமக்குப் பக்கத்து உதாரணம் ஓமலூர் தாண்டி இருக்கும் காமலாபுரம், அதாவது சேலம் விமான நிலையம். அங்கே இறங்கும் இரண்டு விசிறி வைத்த விமானம்தான் ஏடிஆர். எழுபது, எண்பது பேருக்குள் உட்காரலாம். அலையன்ஸ் ஏர், கோவாவைச் சேர்ந்த ஃப்ளை91 இரண்டும் இதை ஓட்டுகின்றன. பெங்களூரின் ஸ்டார் ஏர் ஓட்டுவது எம்ப்ரேயர், அது சிறிய ஜெட். ஆகவே ரீஜனல் என்றாலே விசிறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இண்டிகோ பெரிய கம்பெனி, ஆனால் அதனிடமும் நாற்பதுக்கு மேல் ஏடிஆர் இருக்கிறது. சிறு நிறுவனத்தில் ஏடிஆர் ஓட்டுவதும் பெரிய நிறுவனத்தில் ஏடிஆர் ஓட்டுவதும் வேறு வேறு வாழ்க்கை. கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்குத்தான் திரும்பி வரும்.

"பிளஸ் ஒன்ல என்ன குரூப் எடுக்கணும்?"

இயற்பியலும் கணக்கும் வேண்டும். காமர்ஸ் படித்து முடித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதி வரலாம், நிறையப் பேர் அப்படி வந்திருக்கிறார்கள். தமிழ் மீடியம் தடையில்லை. ஆனால் தேர்வுகளும் ரேடியோவில் பேசுவதும் ஆங்கிலத்தில்தான், அதற்கென்று தனியாக மொழித் திறன் தேர்வும் உண்டு. இலக்கண சுத்தமெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. சொன்னது புரிந்ததா, பதில் தெளிவாக வந்ததா, அவ்வளவுதான்.

"முதல்ல எதுக்குப் பணம் கட்டணும்?"

மருத்துவப் பரிசோதனைக்கு. இதைப் பெட்டி கட்டி எழுத வேண்டும். டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று இரண்டு மருத்துவச் சான்று கேட்கிறது. வேலைக்கு முதல் வகுப்பு கட்டாயம். பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டிய பிறகு நிறக்குருடு என்று தெரியவந்த பையன் ஒருவன் என் வகுப்பிலேயே இருந்தான். சிவப்பும் பச்சையும் குழம்புவது அதுவரை அவனுக்கே தெரியாது. கண்ணாடி போடுவது வேறு விஷயம். கண்ணாடியோடு சரியாகத் தெரிந்தால் சிவில் விமானத்தில் பிரச்சினை இல்லை.

"மொத்தம் எவ்ளோ ஆகும்? தோப்பை வித்துடலாமா?"

வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல், எடுக்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பள்ளிக் கட்டணம், தங்கும் செலவு, தேர்வுகள் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சத்தை ஒட்டி வரும். மழை, விமானப் பழுது என்று பயிற்சி இழுத்தால் ஏறும். அதன்மேல் டைப் ரேட்டிங். ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனியாக எடுக்க வேண்டிய தகுதி அது. ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானத்துக்குச் சொந்தக் காசில் எடுத்தால் இன்னொரு பதினைந்து, இருபது லட்சம். இதை விளம்பரத்தில் பொடி எழுத்தில்தான் போடுவார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அறுபது லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 82,650 ரூபாய். பதினைந்து வருடமாக நீட்டினால் 68,200 பக்கம். முழுத் தொகையையும் வாங்கிவிட்டு இரண்டு வருடம் தவணை கட்டாமல் இருந்தால் வட்டி மட்டும் பதிமூன்று லட்சத்துக்கு மேல் ஏறி நிற்கும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பத்திரம் கேட்கும். எங்கள் வீட்டில் இரண்டு ஏக்கர் மாந்தோப்பின் பத்திரம்தான் போனது. பெங்களூரா மரங்கள், அப்பா வைத்தவை. ஒரு வருடம் கூழ் ஆலைகள் விலையை அடித்து இறக்கிவிட்டன, பறித்த கூலிகூடக் கட்டவில்லை. அந்த வருடமும் வங்கிக்குத் தேதி மாறவில்லை.

விற்கலாமா என்றால், நான் சொல்வது இதுதான்: பையனுக்கு இரண்டு வருடம் வேலை கிடைக்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியுமா? எரியும் என்றால் மேலே பேசலாம். எந்த விமானம் என்ற கேள்வி அதற்கு அப்புறம்.

"லைசென்ஸ் வந்துட்டா வேலை உறுதின்னு ஏஜென்ட் சொல்றாரே?"

உறுதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு நின்றுவிடும். எங்களுக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். தம்பி 2019 கடைசியில் உரிமம் எடுத்தான். மூன்றே மாதத்தில் கொரோனா. விமானங்களே நின்றபோது வேலை எங்கே? இரண்டரை வருடம் இங்கேதான் இருந்தான். என்னிடம் டியூஷன் வந்த பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தான், தோப்புக்குத் தண்ணீர் விட்டான். "பிளேன் எப்ப வாங்கப் போற?" என்று கேட்ட சொந்தக்காரர்களை இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏஜென்டின் நம்பர் அப்போது ஸ்விட்ச் ஆஃப்.

காத்திருக்கும் காலத்திலும் செலவு உண்டு. மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், உரிமத்தை உயிரோடு வைத்திருக்கக் கொஞ்சமாவது பறக்க வேண்டும், கம்பெனிகளின் எழுத்துத் தேர்வுக்கும் சிமுலேட்டர் (தரையிலேயே பறப்பது போலப் பழக்கும் இயந்திரம்) சோதனைக்கும் அலைய வேண்டும்.

"ஏடிஆர்ல சேர்ந்தா கொஞ்ச நாள்ல ஏர்பஸ்ஸுக்கு மாத்திடுவாங்கதானே?"

டவுன் பஸ் டிரைவர் வெளியூர் பஸ்ஸுக்கு மாறுவது போல நினைக்கிறார்கள். பறந்த மணி நேரம் உங்களோடு வரும், டைப் ரேட்டிங் வராது. ஏடிஆரில் மூவாயிரம் மணி நேரம் பறந்தவரும் ஏ320க்குப் புதிதாகப் படித்து, சிமுலேட்டரில் உட்கார்ந்து, தேற வேண்டும்.

இரண்டு ரகமும் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் என்றால் உள்ளேயே மாறும் வழி இருக்கலாம். அதுவும் அவர்களுக்கு ஆள் தேவைப்படும்போதுதான். ஏடிஆர் மட்டும் வைத்திருக்கும் சிறு நிறுவனத்தில் மாறுவது என்றால் கம்பெனி மாறுவது. அங்கே இரண்டு கயிறு இருக்கிறது. ஒன்று பாண்ட்: பயிற்சி கொடுத்ததற்காக இத்தனை வருடம் இருக்க வேண்டும், இல்லையேல் இவ்வளவு பணம். இன்னொன்று நோட்டீஸ் காலம்: டிஜிசிஏ விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். ஐடி கம்பெனியில் மூன்று மாத நோட்டீஸுக்கே புலம்பும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

"யூடியூப்ல அமெரிக்க பைலட் ஒருத்தர், ரீஜனல்தான் முதல் படி, அங்கேர்ந்து பெரிய ஏர்லைன்னு சொல்றாரே?"

அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே ரீஜனல் நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களின் பெயரிலேயே, அவற்றுக்காகவே பறக்கின்றன. ஸ்கைவெஸ்ட் அப்படி ஒன்று. அங்கிருந்து மேலே போவது பழகிப்போன பாதை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்த பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும். (அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1500க்கு மேல் பறந்தவர்கள் என்பது தனிக்கதை.) அதனால் அங்கே பயிற்றுநராகவோ வேறு சிறு வேலையிலோ மணி நேரம் சேர்த்துவிட்டுத்தான் ரீஜனலுக்கே வருகிறார்கள்.

இங்கே 200 மணி நேர உரிமத்தோடு நேராக ஏ320இன் வலது சீட்டில் உட்காரலாம். வலது சீட்டு என்றால் துணை விமானி. ஆக ரீஜனல் இங்கே கட்டாயப் படி கிடையாது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு வாசல். கேப்டன் ஆவதற்குத்தான் 1500 மணி நேரமும் அதற்கான மேல் உரிமமும் வேண்டும். அப்புறம், அமெரிக்காவில் பயிற்சி எடுக்கலாம், வேலை செய்யக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். திரும்பி வந்தால் டிஜிசிஏ தேர்வுகளை எழுதி உரிமத்தை மாற்ற வேண்டும். அந்த வீடியோவில் இதெல்லாம் வராது.

"சம்பளம் சொல்லுங்க டீச்சர், அதை மட்டும் சொல்லாம போறீங்களே"

தம்பி சேர்ந்தபோது ஏடிஆர் துணை விமானியாகக் கைக்கு வந்தது ஒன்றே கால் லட்சம். அவனோடு படித்து ஜெட்டுக்குப் போனவன் அதைவிட ஐம்பதாயிரம் கூடுதலாக வாங்கினான். கேப்டன் ஆனால் இரண்டிலுமே பல லட்சம், ஜெட்டில் இன்னும் அதிகம். சம்பளத்தில் ஒரு பகுதி பறக்கும் நேரத்தைப் பொறுத்தது என்பதால் விமானம் பழுதாகி நின்ற மாதத்தில் குறையும். மேலே போட்ட தவணைக் கணக்கோடு ஒன்றே கால் லட்சத்தை வைத்துப் பாருங்கள். வெளியூர் வாடகையும் சாப்பாடும் போனால் மிச்சம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

"எது ஓட்டுறது கஷ்டம்?"

இதைத் தம்பியிடம் கேட்டால் நேரம் போவது தெரியாது. ஜெட் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே ஏறி மேகத்தைத் தாண்டிவிடும். ஏடிஆர் பதினேழு, இருபதாயிரம் அடியில் போகும், வானிலை எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் மேகத்துக்கு நடுவே வழி தேடித்தான் போக வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு மணி நேரம்தான். ஒரு நாளில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குவான். நீண்ட தூர விமானத்தில் இருப்பவருக்கு ஒரு மாதத்தில் கிடைக்கும் தரையிறக்கம் இவனுக்கு இரண்டு மூன்று நாளில் கிடைத்துவிடும். கை பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்பது அவன் கட்சி. எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது.

ஒருமுறை அவன் பறந்த விமானத்திலேயே போனேன். கிளம்புவதற்கு முன் தரையில் நின்றபோது இடது பக்க விசிறி நின்றிருந்தது, வலது பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது, விசிறி சுற்றவில்லை. பழுது என்று பயந்துவிட்டேன். ஏடிஆரில் ஏசிக்கும் மின்சாரத்துக்கும் வாலில் தனியாகச் சின்ன எஞ்சின் கிடையாதாம். வலது விசிறியைப் பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டு எஞ்சினை மட்டும் ஓடவிடுவார்களாம். அதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். மே மாத வெயிலில் தார்த்தரையில், காதில் அடைப்பான் மாட்டிக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட அவன் விமானத்தைச் சுற்றி வந்து டயரையும் விசிறி இதழையும் பார்த்துக்கொண்டிருந்தான். தோள்பட்டையில் தங்கக் கோடு இருந்தது, ஷூ முழுக்கப் புழுதி.

"வீட்டுக்கு அடிக்கடி வருவானா?"

பேஸ், அதாவது கம்பெனி அவனை இருத்தி வேலைக்கு அனுப்பும் ஊர், எது என்பதைப் பொறுத்தது. பெங்களூர் என்றால் அதிர்ஷ்டம். அப்போதும் விமான நிலையம் தேவனஹள்ளியில், நகரத்துக்கு அந்தப் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், சில்க் போர்டு நெரிசலைச் சேர்த்தால் இன்னொரு ஊர் தூரம். குவாஹாட்டியில் பேஸ் போட்டால் தீபாவளிக்கு வீடியோ காலில்தான் பார்க்க வேண்டும். ஓய்வு விதிகள் இப்போது முன்னைவிடப் பரவாயில்லை: வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ததே, புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்ப ஆட்களைத் தயார் செய்யாததுதான் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஏடிஆரில் ஒரு ஆறுதல், நள்ளிரவுப் பயணம் குறைவு. சிறு ஊர் விமான நிலையங்கள் பல ராத்திரியில் திறந்திருப்பதில்லை.

"சின்ன கம்பெனி மூடிட்டா என்ன பண்றது?"

பெரிய கம்பெனியும் மூடும். கிங்ஃபிஷர் 2012, ஜெட் ஏர்வேஸ் 2019, கோ ஃபர்ஸ்ட் 2023. தமிழ்நாட்டிலிருந்தே பாரமவுண்ட் என்று ஒன்று எம்ப்ரேயர் விமானங்களோடு பறந்து 2010இல் நின்றுபோனது. நம் காமலாபுரமே சாட்சி: சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்தது, 2021இல் சேலத்தை விட்டது, 2022இல் நிறுவனமே நின்றது. மறுபடி சேலத்தில் விமானச் சத்தம் கேட்டது 2023 அக்டோபரில்.

உடானில் அரசு மூன்று வருடம் மானியம் தருகிறது. அது முடிந்ததும் பல வழித்தடங்கள் தாங்குவதில்லை. ஆகவே சிறு நிறுவனத்தில் சேரும்போது அதன் விமானங்களில் எத்தனை உண்மையில் பறக்கின்றன என்று பாருங்கள். மூடினால் ஏ320 தகுதி உள்ளவருக்கு வேறு கதவுகள் அதிகம், நாட்டில் அந்த ரகம்தான் அதிகமாக ஓடுகிறது. ஏடிஆருக்கு மூன்று, நான்கு கதவுதான். ட்வின் ஆட்டர், கேரவான் மாதிரி இன்னும் சிறிய விமானம் என்றால் அதைவிடக் குறைவு.

"பேசாம ஏர் ஃபோர்ஸ்ல சேர்த்துடலாமா? செலவே இல்லையே?"

பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அது போர்ப்படை, விமானப் பள்ளி கிடையாது. அந்த மனம் இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பிளஸ் டூ முடித்ததும் என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமி; பட்டம் முடித்தால் ஏஎஃப்கேட், அதாவது விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு. ஏஎஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24, சிபிஎல் வைத்திருந்தால் 26 வரை. குறுகிய காலப் பணி என்பதே 14 வருடம். நேர்முகத் தேர்வு மையங்களில் ஒன்று மைசூரில், நமக்குப் பக்கம். விமானி திறன் சோதனையை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுதலாம். தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். கண் விஷயத்தில் அவர்கள் மிகவும் கறார்.

நான் பிள்ளைகளிடம் சொல்வது, என்டிஏ தேர்வை எப்படியும் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் இழப்பு எதுவும் இல்லை, சிபிஎல் வழி அப்படியே இருக்கும்.

"வேற வழியே இல்லையா? சரக்கு விமானம், ஹெலிகாப்டர் எல்லாம்?"

இருக்கிறது. சரக்கு என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன், வேலை பெரும்பாலும் ராத்திரியில். ஹெலிகாப்டருக்கு உரிமமே வேறு, படையிலிருந்து வந்தவர்கள் அதிகம், புதியவருக்கு வாசல் குறுகல். தனியார் சார்ட்டர் ஜெட்டில் முதலாளி எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது, ரோஸ்டர், அதாவது முன்கூட்டியே போடும் வேலை அட்டவணை, என்ற பேச்சே இல்லை. பயிற்றுநர் வேலையை நான் உயர்வாகவே நினைக்கிறேன்: காத்திருக்கும் காலத்தில் மணி நேரமும் சேரும், சிறு வருமானமும் வரும். சேலத்திலேயே இப்போது பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 2025 நவம்பரில் அங்கிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று புதுக்கோட்டைச் சாலையில் பத்திரமாக இறங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

டிரோன் பைலட் என்பது பெயரில் மட்டும்தான் பைலட். பத்தாவது முடித்து 18 வயதானால் சில நாள் பயிற்சியில் சான்று வாங்கலாம். மாந்தோப்புக்கு மருந்தடிக்க நல்ல தொழில். விமானத்தோடு சேர்த்துப் பேச வேண்டாம்.

"பொம்பளப் பிள்ளைக்கு இது சரிப்படுமா?"

இந்தியாவில் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக சராசரி 5 சதவீதம் அளவில்தான். அடுத்த கேள்வி.

"ஓசூர்ல ஏர்போர்ட் வருதாமே, அப்ப இங்கேயே வேலை கிடைக்கும்ல?"

2024 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டப்பேரவையில் ஓசூருக்கு 2000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார். பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் 1990களிலிருந்தே இருக்கிறது. பயணிகள் சேவை வராததற்குப் பெரிய காரணம் பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தம்: 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையம் 2033 வரை கூடாது. வந்தாலும் விமானிக்கு வேலை தருவது விமான நிறுவனம்தான், விமான நிலையம் இல்லை. ஓசூரில் வீடு, தேவனஹள்ளியில் பேஸ் என்பதுதான் இன்றைக்கு நடக்கக்கூடியது.

"என் பையனுக்கு சின்ன கம்பெனியில ஏடிஆர் வேலை வந்திருக்கு, அஞ்சு வருஷம் பாண்ட். இல்லன்னா கடன் வாங்கி ஏ320 ரேட்டிங் போட்டுட்டு பெரிய கம்பெனிக்குக் காத்திருக்கலாம்னு சொல்றான். எது?"

போன மாதம் போச்சம்பள்ளியிலிருந்து வந்த ஒரு அப்பா கேட்டது. ஏடிஆர் வேலையை எடுக்கச் சொன்னேன். வேலை கையில் இல்லாமல் டைப் ரேட்டிங் எடுப்பது, பெண் பார்க்காமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது மாதிரி. பறக்காமல் இருந்தால் அந்தத் தகுதியும் காலாவதியாகும், மறுபடி சிமுலேட்டருக்குப் பணம். ஏடிஆரில் ஐந்து வருடம் பறந்தால் மூவாயிரம் மணி நேரமாவது சேரும். கேப்டனாகவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஆட்கள் ஜெட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பதால் சிறு நிறுவனத்தில் இடது சீட்டு, அதாவது கேப்டன் இடம், சீக்கிரம் காலியாகும்.

ஆனால் கையெழுத்துக்கு முன் பாண்ட் பத்திரத்தில் மூன்று இடத்தைப் பார்க்கச் சொன்னேன். ஐந்து வருடம் எந்த நாளிலிருந்து: சேர்ந்த நாளா, பயிற்சி முடிந்து தனியாக வேலைக்கு விடும் நாளா? தொகை வருடா வருடம் குறைகிறதா, கடைசி மாதம்வரை முழுசாக நிற்கிறதா? கம்பெனியே பறப்பதை நிறுத்தினால் பாண்ட் என்ன ஆகும்? அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். முதல் இரண்டுக்கும் பதில் இருந்தது. மூன்றாவதற்கு ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்டு மின்னஞ்சல் போடச் சொல்லி அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லையாம்.